பாயிண்ட் நைன் போடாதவர்

அவர் ஒரே ஒரு கேள்வியை எழுதி முடிக்க இருபது நிமிடம் எடுத்துக்கொள்வார். முதலில் பென்சிலால் எழுதுவார். படித்துப் பார்ப்பார். ஒரு சொல்லை அழிப்பார். மீண்டும் படிப்பார். பிறகு அதையே பேனாவால் எழுதி, கையெழுத்திட்டு, நேரம் குறித்து, மேல்மாடியிலிருக்கும் மருத்துவருக்கு அனுப்புவார். அத்தனைக்குப் பிறகும் தாளில் ஒரு வரிதான் இருக்கும்: 'இந்த நோயாளியின் இரத்தச்சோகைக்குக் காரணம் தெரிந்திருந்தால் குறிப்பிடவும்.'

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. நோயாளிகளின் பெயரை மின்தூக்கிக்குள்கூட உச்சரிக்காதவர் அவர். தன் பெயர் அச்சில் வருவதை விரும்பமாட்டார்.

நான் பதினாறு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். நாளிதழ் மூடப்பட்டதும், நாற்பத்து நான்காவது வயதில், மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் சேர்ந்தேன். கட்டடத்தின் அடித்தளத்தில் சன்னல் இல்லாத அறை. எனக்குக் கொடுத்த மேசைக்கு அடுத்த மேசை அவருடையது. என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனால் எல்லாரும் அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னைப் 'பேப்பர்' என்றார். "பேப்பர், இங்க கொஞ்சம் வாங்க."

எங்கள் வேலையை எளிதாகச் சொல்லிவிடலாம். நோயாளி வீடு திரும்பியதும் அவருடைய கோப்பு கீழே வரும். மருத்துவர் எழுதிய நோயின் பெயரைப் படித்து, அதற்குரிய எண்ணைப் பட்டியலில் தேடிப் போட வேண்டும். காப்பீட்டு நிறுவனம் அந்த எண்ணைத்தான் பார்க்கும். சிக்கல் எங்கே வருமென்றால், மருத்துவர் அவசரத்தில் பாதிப் பெயரை எழுதும்போது. உதாரணம், பிறவியில் இல்லாமல் பிறகு வந்த சிவப்பணுச் சிதைவு இரத்தச்சோகை. உடலில் ஓடும் சிவப்பணுக்களை ஏதோ ஒன்று உடைக்கிறது. எது? மருந்து உடைத்தால் ஓர் எண். உடம்பே தன்னைத் தாக்கிக்கொண்டால் வேறோர் எண், அதிலும் வெப்பத்தில் நடந்தால் ஒன்று, குளிரில் நடந்தால் இன்னொன்று. வரிசையின் கடைசியில் D59.9 நிற்கும். 'காரணம் குறிப்பிடப்படவில்லை.' எந்தக் கோப்பையும் அதில் தள்ளி மூடிவிடலாம். பெரும்பாலோர் அதைத்தான் செய்தார்கள்.

அவர் செய்யவில்லை. நான் அங்கே இருந்த காலத்தில் அவர் கையால் ஒரு பாயிண்ட் நைன் போனதைப் பார்த்ததில்லை.

"பாயிண்ட் நைன்னா 'தெரியல'ன்னு அர்த்தம் இல்ல, பேப்பர்," என்பார். "'நாங்க கேக்கல'ன்னு அர்த்தம். ரெண்டும் வேற."

பக்கத்து ஊரான காப்பாரைச் சேர்ந்த பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் கோப்பு என் மேசைக்கு வந்தது. காய்ச்சலுக்குச் சேர்ந்தவர். வார்டில் ஊசி போட்டிருக்கிறார்கள். இரண்டு நாளில் இரத்த அளவு பாதியாக இறங்கி, எப்படியோ பிழைத்து வீட்டுக்குப் போயிருக்கிறார். மருத்துவர் 'பின்னர் வந்த சிவப்பணுச் சிதைவு' என்று மட்டும் எழுதியிருந்தார். செவிலியர் குறிப்பில் ஒரு வரி இருந்தது: 'மூன்றாவது ஊசிக்குப் பின் சிறுநீர் கோப்பி ஓ நிறம்.' பால் விடாத கறுப்புக் காப்பியின் நிறம். எனக்குத் தலைப்புச் செய்தி கிடைத்த மகிழ்ச்சி. உடனே மருத்துவருக்குக் கேள்வி, எங்கள் பேச்சில் குவெரி, எழுதினேன். அனுப்பும் முன் அக்கா அதை வாங்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

"இந்த ஊசியினாலயா வந்துச்சின்னு கேட்டிருக்கேன்."

"பதில கேள்விக்குள்ள வச்சி அனுப்புறீங்க. அவரு பாத்துட்டு ஒரு டிக் போட்டுடுவாரு. அப்புறம் அது டாக்டர் சொன்னதா, நீங்க சொன்னதா?"

"பேப்பர்ல நாங்க இப்படித்தான்கா கேப்போம்."

"அதனாலதான் மூடிட்டாங்க போல."

சிரிக்காமல் சொன்னார். என் தாளைக் கிழித்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். இருபது நிமிடம் ஆனது.

மருத்துவர் பதில் எழுதவில்லை. தொலைபேசியில் அழைத்தார். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"கோடிங் ஆன்டி, பேஷன்ட் வீட்டுக்குப் போயிட்டாரு லா. அன்ஸ்பெசிபைட் போட்டு விடுங்க. என்ன இப்ப?"

"சரி டாக்டர். காரணம் தெரியலன்னு நீங்க எழுதிக் கொடுத்தா நான் போட்டுடறேன்."

"தெரியலன்னு யார் சொன்னா?"

"அப்ப தெரியுமா டாக்டர்?"

மறுமுனையில் போனை வைத்துவிட்டார். மாலையில் தாள் கீழே வந்தது. மருந்தினால் ஏற்பட்டது என்று எழுதி, மருந்தின் பெயரையும் எழுதியிருந்தார் மருத்துவர். எங்கள் மருத்துவமனையில் மருந்துக்கான எண் கோப்பில் ஏறினால் அட்டையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அக்காவே ஒட்டி, நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்தினார். அடுத்த ஆண்டு அதே ஓட்டுநர் நெஞ்சுச் சளியோடு அவசரப் பிரிவுக்கு வந்தபோது ஸ்டிக்கரைப் பார்த்து வேறு மருந்து கொடுத்தார்கள். மறுபடியும் அதே ஊசி போட்டிருந்தால் ஆள் தப்பியிருக்கமாட்டார் என்று மேலே பேசிக்கொண்டார்களாம். நான் ஓடிவந்து சொன்னேன். அவர் கேட்டது: "ஸ்டிக்கர் ஓரம் பிஞ்சிருந்துச்சா?"

கேள்விக்குள் பதிலை வைக்காத வழக்கம் அலுவலகத்தோடு நிற்கவில்லை. பதிவேட்டுப் பிரிவில் ஒரு பெண் ஒரு நாள் கழிப்பறையிலிருந்து அழுத கண்களோடு வந்தாள். மற்றவர்கள், "வீட்டுல சண்டையா?" "மாமியாரா?" என்று சுற்றிக்கொண்டார்கள். இவர் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துவிட்டு, "எப்போலேர்ந்து?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் அவரிடம்தான் சொன்னாள். என்ன சொன்னாள் என்பது எங்களுக்கு வரவே இல்லை.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தோசைக் கடை. அவர் அங்கே பக்கத்தில் நான்காவது மாடி பிளாட்டில் குடியிருந்தார். தினமும் கோமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வந்து போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தற்செயலாக அந்தக் கடையில் அவரைப் பார்த்தேன். நான்கு பேர் உட்காரும் மேசையில் தனியாக இருந்தார். கடைக்காரர் தூரத்திலிருந்தே, "அக்கா, அதேதானே?" என்றார்.

"கேளுங்கண்ணே."

"சரி. என்ன வேணும்கா?"

"அதேதான்."

கடைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பத்து வருஷமா இதே கூத்து." நான் அவரெதிரே உட்காரலாமா என்று யோசித்தேன். யாரையோ எதிர்பார்ப்பார் என்று எண்ணி வேறு மேசைக்குப் போனேன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் மேசைக்கு யாரும் வரவில்லை.

யாராவது அவரிடம் எதையாவது கேட்டார்களா என்று இப்போது யோசிக்கிறேன். மணமானவரா, தனியாளா, ஊர் எது, கூடப் பிறந்தவர்கள் உண்டா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எல்லாரிடமும் கேட்பவர் என்று பெயர் எடுத்தவரிடம் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றாது போலும். அவராகச் சொல்பவரும் இல்லை.

ஆனால் நான் பார்த்தேன். பார்ப்பதற்குத்தான் பதினாறு ஆண்டு பழகியிருந்தேன். எங்கள் அறையில் ஏர்கோன் நாள் முழுக்க உச்சத்தில் ஓடும். கணினிப் பெட்டிகள் சூடாகக் கூடாது என்று மேலாளர் ரிமோட்டைத் தன் இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தார். எல்லாருக்கும் குளிரும். அவருக்கு வேறு விதமாகக் குளிர்ந்தது. பழுப்பு ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, விரல் நுனி வெட்டிய கையுறை. "அக்கா கேமரன் மலைக்குக் கிளம்பிட்டாங்க," என்று சிரிப்பார்கள். காலை ஒன்பதரைக்கு மேல் அவர் விரல் நுனிகள் நீலமாகும். சூடான மைலோ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தால் மெல்லப் பழைய நிறம் வரும். சில நாள் கண்களின் வெள்ளையில் மஞ்சள் தெரியும். மழைக்காலத்தில் ரயில் நிலையப் படிகளில் இரண்டு இடத்தில் நின்று ஏறுவார். எல்லாவற்றையும் கவனித்தேன். நாளிதழ்ப் பக்கத்தில் இடம் இல்லாத செய்தியைப் போல ஒதுக்கி வைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கிள்ளான் நிலையப் படியில் அவர் மயங்கி விழுந்தார். எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். மூன்றாவது மாடியில் நான்கு நாள் இருந்தார். நான் போய்ப் பார்க்கவில்லை. சொந்தக்காரர்கள் வந்திருப்பார்கள், ஒரு பெண் தனியாகப் படுத்திருக்கும் இடத்தில் நான் போய் நிற்பது நன்றாக இருக்காது என்று எண்ணிக்கொண்டேன். ஐந்தாம் நாள் அவர் கோப்பு கீழே வந்தது.

சொந்தக் கோப்பை யாரும் தொடக் கூடாது என்பது விதி. அதனால் அது என் தட்டில் விழுந்தது. மருத்துவர் எழுதியிருந்தார்: 'பின்னர் வந்த சிவப்பணுச் சிதைவு இரத்தச்சோகை. தேறினார். வீடு திரும்பலாம்.' காரணம் இல்லை. அன்று மாதத்தின் கடைசி நாள். முடிக்காத கோப்புகளின் எண்ணிக்கையை மேலாளர் வெள்ளைப் பலகையில் மணிக்கொரு முறை திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்து மேசை காலியாக இருந்தது. நான் D59.9 என்று அடித்து மூடினேன். கடைசிப் பக்கத்தைத் தவிர வேறெதையும் திறக்கவில்லை.

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்துவிட்டார்.

"என் ஃபைல் முடிஞ்சிடுச்சா, பேப்பர்?"

"முடிஞ்சிடுச்சிக்கா."

எந்த எண் என்று அவர் கேட்கவில்லை. கேட்பது விதிக்கு மாறானது. தலையசைத்துவிட்டு ஸ்வெட்டரின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

ஆறு வாரத்தில் மறுபடி முகம் வெளுத்தது. கோப்பு அலமாரியின் கீழ்த்தட்டுக்குக் குனிந்தால் எழுந்திருக்க மேசையைப் பிடித்தார். இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருப்பாரா என்று எனக்குப் பயம் வந்தது. அந்த வாரம்தான் காப்பீட்டு நிறுவனம் அவர் கோப்பைத் திருப்பி அனுப்பியது. காரணம் வேண்டுமாம். இந்த முறை முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

முதல் பக்கம், சேர்க்கும்போது நோயாளி நிரப்பும் மலாய்ப் படிவம். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் முழுப் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. மயங்கி விழுந்து எழுந்த கை. ஆனாலும் எழுத்து நேராக இருந்தது. அதன் கீழே ஹுபுங்கான், அதாவது உறவு. பெரும்பாலோர் அங்கே ஒரு கோடு போடுவார்கள், அல்லது நண்பர் என்று எழுதுவார்கள். அவர் எழுதியிருந்தது, 'மேஜா செபெலா'. பக்கத்து மேசை.

நான் நான்கு நாள் மூன்று மாடி ஏறாமல் இருந்ததை அப்போது எண்ணிப் பார்த்தேன்.

மருத்துவருக்குக் கேள்வி எழுதினேன். விதிப்படி, ஒரு வரி. அவர் பினாங்கில் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். திரும்ப மூன்று நாள் ஆகும் என்றார்கள். பக்கத்து மேசையில் அக்கா மைலோ கோப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். விரல் நுனிகள் நீலமாக இருந்தன. நான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன்.

"அக்கா, கையில என்ன?"

கேள்வியைச் சரிபார்ப்பது போல என்னைப் பார்த்தார். பிறகு, "எழுதிக்குங்க," என்றார். செவிலியர் குறிப்பு வாசிப்பதைப் போலச் சொன்னார்.

"காலையில ஒம்பதரைக்கு மேல. ரெண்டு கையிலயும். சுண்டு விரலும் மோதிர விரலும் மொதல்ல. சில நாள் மூக்கு நுனி. கோப்பையப் பிடிச்சா பத்து நிமிஷத்துல போயிடும். மழை நாள்ல ட்ரெயின்லயும் வரும். ரொம்ப குளுந்த அன்னிக்குச் சாயங்காலம் ஒண்ணுக்குக் கோப்பி ஓ மாதிரி போவும். மூணு வருஷமா."

"மூணு வருஷமாவா? டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவரு கேக்கல."

"நீங்களா சொல்ல வேண்டியதுதானே?"

"பதில நாம சொல்லிக் கொடுக்கக் கூடாது, பேப்பர்."

விளையாட்டாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. ஆயிரம் கோப்புகளில் பயன்படுத்திய விதியை அவர் தன் உடம்புக்கும் வைத்திருந்தார். மருத்துவர் படுக்கையருகே நின்று, "எப்படி இருக்கீங்க ஆன்டி?" என்று கேட்டபோது, "பரவால்ல டாக்டர்," என்று அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறார். வார்டில் கம்பளி போர்த்தியிருந்ததால் விரல்கள் நிறம் மாறாமல் இருந்தன. தேறினார் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். திரும்பவும் இந்த அறைக்கே வந்தார். நான் போட்ட எண்ணுக்கு, நாங்கள் கேட்கவில்லை என்று அர்த்தம்.

"அக்கா, அது நம்ம ரூல். ஃபைலுக்கு. பேஷன்ட்டுக்கு அந்த ரூல் கிடையாது லா."

அவர் மைலோ கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்படியா?" என்றார். உண்மையாகவே கேட்டார்.

வேறு மருத்துவர் பணியில் இருந்தார். நான் எழுதிய தாளை அக்காவின் கையில் கொடுத்து, மின்தூக்கிவரை கூடப் போனேன். இரத்தம் எடுத்து, சோதனைக் குழாயை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். குளிர் பட்டால் குழாய்க்குள்ளேயே அணுக்கள் ஒட்டிக்கொள்ளும் வகை அது. மறுநாள் பதில் வந்தது. உடம்பு தன் சிவப்பணுக்களைத் தானே உடைக்கிறது, குளிரில்.

D59.12. நான் அதை அடிக்கும்போது அவர் தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சொந்தக் கோப்பைப் பார்க்கக் கூடாது. நான், "முடிஞ்சிடுச்சிக்கா," என்றதும்தான் திரும்பினார்.

இனிக் குளிரில் வேலை செய்யக் கூடாது என்று மருத்துவர் கடிதம் கொடுத்தார். ரிமோட் இழுப்பறையை விட்டு வரவில்லை. நிர்வாகம் தேடிப் பார்த்து, ஏர்கோன் இல்லாத ஒரே இடத்தைக் கண்டுபிடித்தது: மேரு சாலையில் பழைய கோப்புகள் அடுக்கிய ஒரு கடைவீடு. தகரக் கூரை. நாள் முழுக்கச் சூடு. அங்கே ஒரே ஒரு மேசைதான். சரியான காரணத்தைக் கண்டுபிடித்ததன் பலன், அவர் அங்கே போய்த் தனியாக உட்கார்ந்தார். விரல்கள் நன்றாக இருந்தன என்று கேள்விப்பட்டேன்.

மூன்று மணி வாக்கில் நான் போனில் கூப்பிட்டு ஏதாவது பழைய கோப்பைக் கேட்பேன். தேடி எடுத்து வைப்பார். "எதுக்கு வேணும்?" என்பார். நான் ஏதோ சொல்வேன். என் காரணங்கள் பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியும் என்று அவர் சொன்னதில்லை.

ஓராண்டு கழித்து ஒரு நாள், பகலில் மட்டும் இயங்கும் வார்டில் அவருக்கு இரத்தம் ஏற்றினார்கள். ஏதோ சந்தேகம் கேட்டுச் சேர்க்கைப் படிவம் மட்டும் கீழே வந்தது. என் பெயர் அப்படியே இருந்தது. உறவு என்ற இடத்தில் ஒரு சொல் கூடியிருந்தது. 'டூலு மேஜா செபெலா.' முன்பு பக்கத்து மேசை.

படிவத்தை வைத்துவிட்டு மேலே போனேன். முகப்பில் இருந்த செவிலியர் வருகைப் புத்தகத்தை நீட்டி, "அண்ணே, பேஷன்ட்டுக்கு என்ன வேணும் நீங்க? இங்க எழுதுங்க," என்றார். எழுதிவிட்டு உள்ளே போனேன். இரண்டு கம்பளிக்குள் படுத்திருந்தார். இரத்தம் ஒரு சூடாக்கும் கருவி வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன பேப்பர், குவெரியா?"

"ஒண்ணும் இல்லக்கா. உக்காரலாமா?"

"கேட்டுட்டீங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். பை காலியாகும்வரை இரண்டு மணி நேரம் ஆனது. அதிகம் பேசவில்லை. நடுவில் செவிலியரிடம் வருகைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நான் எழுதியதைப் படித்தார். 'மேஜா செபெலா' என்று மட்டும் எழுதியிருந்தேன்.

"தப்பு," என்றார். "நேரம் போடல."

நேரத்தைப் போட்டேன்.

பிறகு பழைய கோப்புகளையெல்லாம் கணினியில் ஏற்றிவிட்டு மேரு சாலைக் கடைவீட்டைக் காலி செய்தார்கள். அவர் வேலையிலிருந்து விலகிக்கொண்டார் என்று ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. தொலைபேசி எண் பயன்பாட்டில் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் பிளாட்டில் வேறு யாரோ இருந்தார்கள். பக்கத்து வீட்டில் கேட்டேன். தோசைக் கடைக்காரரைக் கேட்டேன். மூன்றாவது மாடிச் செவிலியரைக் கேட்டேன். எந்தக் கேள்விக்குள்ளும் பதிலை வைக்கவில்லை.

ஒருவருக்கும் தெரியவில்லை. இதற்குப் பாயிண்ட் நைன் போட முடியாது, நான் கேட்டிருக்கிறேன். வேறு என்ன போடுவது என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.